பெயர் ஒன்றுதான்

போட்டோ வந்தபோது அவள் மரத்தடிகளின் அடுக்கு மேல் ஏறி நின்றிருந்தாள். கையில் டேப்பின் நுனி, பல்லிடுக்கில் சாக்குக் கட்டி. மரக்கிடங்கில் அளவெடுப்பது அவள் வேலை. வெட்டி வரும் ஒவ்வொரு தடியையும் அளந்து, அளவைத் தடியின் முகத்திலேயே எழுத வேண்டும். எந்நேரமும் கையில் டேப் இருப்பதால் கிடங்கில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால், அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று காவலாளி திருப்பி அனுப்பிவிடுவார் என்று கேலி செய்வார்கள்.

தங்கை அனுப்பிய போட்டோ அது. ஆளுயரச் செடி. உச்சியில் வெள்ளைப் பூக்கள் குட்டிக் குட்டிக் குடைகளாக விரிந்திருந்தன. கேரட் தழை போல நுணுக்கமான இலைகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தண்டு முழுக்க, பீட்ரூட் சாற்றை யாரோ விசிறி அடித்ததுபோல ஊதாத் திட்டுகள். கீழே எழுதியிருந்தாள்: 'அக்கா, நீ சொன்ன ஹெம்லாக் எங்க வீட்டுப் பின்னாடியே நிறைய இருக்கு. நர்சரிக்காரரும் அதே பேருதான் சொன்னாரு. இவரு இருமலுக்கு இனிமே இதையே கொதிக்க வச்சுக் குடுக்கப் போறேன்.'

வாயிலிருந்த சாக்குக் கட்டி கீழே விழுந்தது. அடுக்கிலிருந்து எப்படி இறங்கினாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை.

கிடங்கைச் சுற்றி மலைச்சரிவு முழுக்க நிற்பது ஹெம்லாக் மரங்கள்தாம். ஊசியிலை மரம். ஊசி என்றாலும் குத்தாது. தட்டையாக, அரை விரல் நீளம்கூட இல்லாமல், கிளையின் இரண்டு பக்கமும் சீப்புப் பல்லாக அடுக்கியிருக்கும். மேலே கரும்பச்சை. திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக இரண்டு கோடுகள். மரத்தின் உச்சி மட்டும் நிமிராமல் ஒரு பக்கமாகத் தொங்கும், யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டு நிற்பதுபோல. குளிர் காலத்தில் மர அறுப்புக்காரர்கள் அதன் கொழுந்தைக் கிள்ளி வெந்நீரில் போட்டுக் குடிப்பார்கள். போன குளிரில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியபோதும் அதைத்தான் கொடுத்தார்கள், சளி இறங்கியது. அதைத் தங்கையிடம் போனில் சொன்னாள். தங்கை பெயரை இரண்டு தடவை கேட்டாள். இவளும் எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

இன்னொரு ஹெம்லாக் இருப்பது அப்போது அவளுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் லாரி டிரைவர் ஒருவரின் பசு, லாரி கழுவும் சாக்கடையோரம் மேய்ந்துவிட்டு வந்து பின்னங்கால் மடங்கி உட்கார்ந்தது. பிறகு முன்னங்கால். கத்தவில்லை, துள்ளவில்லை. கண் மட்டும் கடைசிவரை தெளிவாக எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. கால் விழுந்து, உடம்பு விழுந்து, கடைசியில் மூச்சு விழுந்தது. ஃபோர்மேன் சாக்கடையோரத்துப் பூச்செடியைக் காலால் ஒதுக்கிக் காட்டி, இதற்கும் ஹெம்லாக் என்றுதான் பெயர் என்றார். பெயர் முதலில் செடிக்குத்தானாம். யாரோ ஒரு காலத்தில் இந்த மரத்தின் இலையைக் கசக்கி முகர்ந்து, அந்தச் செடி வாசம்போல இருக்கிறதே என்று இதற்கும் அதையே வைத்துவிட்டார்களாம். சொந்தமும் இல்லை, சம்பந்தமும் இல்லை. ஒன்று நெஞ்சுச் சளியை இறக்கும், ஒன்று நெஞ்சையே நிறுத்தும் என்றார். அன்றைக்கே செடிகளை வெட்டி எரித்தார்கள். தங்கையிடம் இதையும் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஏனோ தோன்றவே இல்லை.

தங்கைக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. தங்கை கணவருக்கு அடித்தாள். கால்வாய்க் கரையில் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் அவர். மோட்டார் ரூமுக்குள் சிக்னல் கிடைக்காது. 'அதைத் தொடாதே, விஷம், யாரும் குடிக்காதீங்க' என்று தங்கைக்கு எழுதினாள். ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டு, மாற்று உடைகூட எடுக்காமல், சமவெளிக்கு இறங்கும் பஸ்ஸில் ஏறினாள். மலையின் கடைசி வளைவில் பதில் வந்தது.

'நான் குடிக்க மாட்டேன் அக்கா.'

அப்பாடா என்று கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் அந்த வரி மறுபடி ஓடியது. குடிக்கவில்லை என்று எழுதவில்லை. குடிக்க மாட்டேன் என்றுதான் எழுதியிருந்தாள். 'அவரு?' என்று திருப்பிக் கேட்டாள். அதற்குப் பதில் வரவில்லை.

கதவைத் திறந்தவர் தங்கை கணவர். முகம் மழித்து, நீலச் சட்டையில் பளிச்சென்று நின்றார். உயிரோடுதான் இருந்தார்.

"வாங்கக்கா. சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க, நல்லா இருக்கீங்களா?" என்று பையை வாங்கக் கை நீட்டினார். பை இல்லை என்பதைக் கண்டு சிரித்தார்.

அவருக்குப் பின்னால், சுவரில் விரல் நுனியை ஓட்டியபடி தங்கை வந்தாள். கண்ணாடி இல்லாமல் அவள் முகம் தூங்கி எழுந்த குழந்தையின் முகம்போல இருந்தது. சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போடுபவள். அது இல்லாவிட்டால் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே அவளுக்கு நிறக் கலங்கல். கணவர் தன் சட்டைப் பையிலிருந்து அவளுடைய கண்ணாடியை எடுத்தார். துணியில் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்து, தானே அவள் காதுகளில் மாட்டிவிட்டார். "யாரு வந்திருக்காங்க பாரு" என்றார்.

முதலில் அதை அன்பு என்றுதான் மூத்தவள் எடுத்துக்கொண்டாள். சாப்பாடு ஆகி, தங்கை பாத்திரம் கழுவி முடித்ததும் அவர் கையை நீட்டினார். பேச்சின் நடுவே, பேச்சு அறுபடாமல் நீட்டினார். தங்கை கண்ணாடியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். அது சட்டைப் பைக்குள் போனது. மூத்தவள் பார்ப்பதை அவர் கவனித்தார்.

"எங்கயாவது வச்சிட்டு மறந்துடுறாக்கா. ரெண்டு தடவ உடைச்சிட்டா. அதான் நானே வச்சிக்கிறேன். வேணுங்கிறப்ப கேட்டா குடுத்துடுவேன்" என்றார். நடுவில் இருமினார். குரல் ஒரு துளிகூட உயரவில்லை.

அந்த வீட்டில் எதுவுமே உயரவில்லை. ரேடியோகூட மெல்லத்தான் பாடியது. நாற்காலிகள் தரையில் ஒட்டிய டேப் அடையாளத்தைவிட்டு நகரவில்லை. அடிதடி இல்லை, குடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. வெளியே போய்ச் சொன்னால் ஒருத்தரும் குறை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொடுத்து வைத்தவள் என்பார்கள். காலையில் அவர் வேலைக்குப் புறப்பட்டபோது கண்ணாடியும் அவர் பையில் புறப்பட்டது. அதற்காகத் தங்கை முகம் சுளிக்கக்கூட இல்லை.

அவர் போனதும் இருவரும் பின்பக்கம் போனார்கள். வேலிக்கும் கால்வாய்க்கும் இடையில் செடிகள் தோளுயரத்துக்கு மண்டியிருந்தன. வெயிலில் ஒரு நாற்றம் கிளம்பியது, எலி குடியிருக்கும் பழைய பெட்டியைத் திறந்ததுபோல. மூத்தவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பெயர் ஒன்று, பொருள் வேறு; அது மரம், இது செடி; அதற்குப் பூவென்று சொல்லும்படி எதுவும் இல்லை, இது பூத்துத்தான் ஊரை ஏமாற்றும். பசுவைப் பற்றிச் சொன்னாள். தங்கை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு குனிந்து ஒரு தண்டை விரலால் மேலிருந்து கீழே தடவினாள்.

"கேரட் செடின்னா தண்டுல பூனை முடி மாதிரி இருக்கும்கா. இதுல இருக்காது. வழுவழுன்னு இருக்கும். தொட்டாலே தெரியும். நர்சரிக்காரரு கைய நல்லா கழுவுங்கம்மான்னு சொல்லித்தான் அனுப்புனாரு."

மூத்தவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "அப்ப தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சே எதுக்குடி அப்படி எழுதுன எனக்கு?"

தங்கை தண்டைவிட்டுக் கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கண்கள் அக்காவின் முகத்துக்குச் சற்றுப் பக்கத்தில், காற்றைப் பார்த்தன.

"நீ சொல்லித்தான் பறிச்சேன்னு போன்ல இருக்கட்டும்னுதான். கண்ணு தெரியாதவ, பேரு ஒண்ணா இருந்துச்சு, மாத்திப் பறிச்சிட்டா. யாரு கேட்டாலும் அதுக்கு மேல என்னக்கா கேப்பாங்க?"

கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் பம்ப் ஹவுஸ் மோட்டாரின் உறுமல். மூத்தவள் வேலிக் கல்லில் உட்கார்ந்தாள். தெரியாமல் விஷத்தைக் கொதிக்க வைக்கும் ஒரு பெண்ணைத் தடுக்க மலையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். அந்தப் பெண்ணோ நாளைக்கு என்ன சமைப்பது என்று சொல்லும் குரலில் இதைச் சொல்கிறாள். இன்னும் கொடுக்கவில்லையே என்று மூத்தவள் கேட்டாள். இல்லை என்றாள் தங்கை. ரெண்டு தடவ கொதிக்க வச்சேன், ரெண்டு தடவையும் கொட்டிட்டேன் என்றாள். அதைத் தோற்றுப்போனவள் மாதிரிச் சொன்னாள்.

கையுறை தேடி மாட்டிக்கொண்டு மூத்தவள் செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். வேர் வெள்ளையாக, முள்ளங்கிபோல வந்தது. மத்தியானம்வரை பிடுங்கி வேலியோரம் குவித்தாள். குவியல் வாடி, நாற்றம் கூடியிருந்தபோது தங்கை கணவர் சாப்பிட வந்தார். குவியலைப் பார்த்து நின்றார். மூக்கைச் சுருக்கினார்.

"என்னக்கா இது, விருந்தாட வந்துட்டு தோட்ட வேலை? என்ன செடி இது?"

சொல்லியிருக்கலாம். விஷம் தம்பி, பார்த்து இருங்கள் என்ற ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதைச் சொன்ன மறுநிமிஷம் அடுப்படிக்கும் ஒரு பூட்டு வரும். தங்கை ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாலும் முகர்ந்து பார்க்கப்படும். இதெல்லாம் அவள் பிற்பாடு யோசித்துச் சேர்த்த காரணங்கள். அந்த நேரத்தில் யோசிக்கவே இல்லை.

"களைதான் தம்பி. கொசு அடையுது" என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. தங்கை வாசற்படியில் நின்று, அக்காவின் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

மறுநாள் தங்கையைத் தன்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்டாள். மலைக்காற்று, மாற்றம், கொஞ்ச நாள் கூடமாட இருக்கட்டும் என்றெல்லாம் சுற்றி வளைத்தாள். அவ்வளவு சுற்றத் தேவையே இருக்கவில்லை. தாராளமா கூட்டிட்டுப் போங்கக்கா என்றார் அவர். பஸ் நிறுத்தம்வரை வந்தார். தங்கையின் கைப்பிடித்து ஏற்றிவிட்டார். மூத்தவள் கண்ணாடியைக் கேட்டாள்.

"இங்கயே இருக்கட்டும்கா. திரும்பி வரப் போறவதானே" என்று சட்டைப் பையைத் தட்டிக்காட்டினார்.

மலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முதல் வேலையாக மூத்தவள் அவளுக்குப் புதுக் கண்ணாடி வாங்கினாள். கடையிலிருந்து வெளியே வந்த தங்கை நடைபாதையின் நடுவில் நின்று, சரிவு முழுக்க ஏறிப்போகும் மரங்களை வாய் மூடாமல் பார்த்தாள். கிளையொன்றைப் பிடித்து இலையைத் திருப்பி, அடியிலிருந்த இரண்டு வெள்ளைக் கோடுகளையும் நகத்தால் தொட்டாள். கசக்கி முகர்ந்தாள். பிறகு சிரித்தாள். எந்த மூக்கு செத்தவன்கா இதுக்கும் அந்தப் பேர வச்சான், ஒரு வாசம்கூட ஒத்துப் போகலையே என்றாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மூத்தவளும் சிரித்தாள்.

தங்கை தேறினாள். கிடங்கு கேண்டீனில் ரொட்டி சுட ஒரு ஆள் வேண்டியிருந்தது, போய்ச் சேர்ந்துகொண்டாள். அறுப்புக்காரர்கள் அவளுக்குக் குட்டி டேப்பு என்று பெயர் வைத்தார்கள். சாயங்காலங்களில் நாற்காலிகளை இஷ்டத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவோடு உட்கார்ந்து ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். மூத்தவளின் குவார்ட்டர்ஸ் கிடங்கின் கடைசிக் கட்டடம். பின்கதவைத் திறந்தால் இடது கைப்பக்கம் புல்தரையும் மரங்களும், வலது கைப்பக்கம் சரளைப் பாதையும் லாரி கழுவும் சாக்கடையும். ஒருநாள் துணி காயப்போடும்போது தங்கை கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றாள். எரித்த இடத்திலேயே செடிகள் மறுபடி முளைத்து, வெள்ளையாகப் பூத்திருந்தன.

"இங்கயும் வந்திருச்சு" என்றாள்.

ஃபோர்மேனிடம் சொல்லி வெட்டச் சொல்கிறேன் என்றாள் மூத்தவள். அன்றைக்கு ஃபோர்மேன் லீவு. அடுத்த நாள் லோடு அதிகம். அதற்கடுத்த நாள் அவரைப் பார்த்தாள், பேசினாள், வேறு ஏதேதோ பேசிவிட்டு வந்தாள். பிறகு மறந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாள். துணி காயப்போடும்போது இரண்டு பேருமே வலது பக்கம் பார்க்காமல் பழகிக்கொண்டார்கள்.

தங்கை கணவர் ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தார். கையில் பழங்கள், அதே நீலச் சட்டை, அதே இருமல், இப்போது கொஞ்சம் ஆழத்திலிருந்து. வீட்டைச் சுற்றிப் பார்த்து, நல்ல காற்றோட்டம் என்று பாராட்டினார். வழியில் கிடந்த நாற்காலியைச் சுவரோரம் நேராக்கிவிட்டு அதில் உட்கார்ந்தார். சாயங்கால பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் போட்டாயிற்று என்றார். இவள் கேண்டீனில் வேலை பார்க்கிறாள், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே தம்பி என்று மூத்தவள் சொல்லிப் பார்த்தாள். வேலையா, இவளா, கண்ணு தெரியாம அடுப்புல கைய வச்சிக்கப் போறாக்கா என்றார் கவலையாக. பிறகு எழுந்து தங்கையிடம் போனார்.

"புதுசா? எங்க, பாப்போம்."

இரண்டு கையாலும், பதமாக, அவள் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பவர் சரியில்லை, இதைப் போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்றார். சட்டைப் பையில் ஏற்கெனவே பழைய கண்ணாடி இருந்தது. புதியதையும் அதனோடு வைத்தார். கண்ணாடியோடு கண்ணாடி உரசிக் கிறீச்சிட்டது.

மூத்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தங்கை கையைச் சற்று உயர்த்தித் தடுத்தாள். அவள் முகத்தில் கோபமோ அழுகையோ எதுவும் தெரியவில்லை.

"இருமல் இன்னும் விடலையே உங்களுக்கு. இங்க மரத்துக் கொழுந்து போட்டு ஒரு டீ போடுவாங்க. குடிச்சுப் பாருங்க" என்றாள்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். அடுப்பில் வைத்தது, டப்பாவைத் திறந்தது எல்லாம் கேட்டது. மூன்று கோப்பைகளோடு வந்தாள். மூத்தவள் தன் கோப்பைக்குள் பார்த்தாள். தட்டையான குட்டி இலைகள் மிதந்தன. ஒன்றை விரலால் எடுத்துத் திருப்பினாள். வெள்ளைக் கோடுகள் இரண்டு. முகர்ந்தாள், ஈர மரத்தின் வாசம், எலுமிச்சைத் தோல்போல ஒரு காரம். குடித்தாள். தங்கையும் குடித்தாள். அவர் ஊதி ஊதி, ரசித்துக் குடித்தார். நெஞ்சில் கை வைத்து ஒரு மூச்சை இழுத்துவிட்டார். இருமல் வரவில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு போடேன்" என்று காலிக் கோப்பையை நீட்டினார்.

தங்கை அதை வாங்கிக்கொண்டாள். டப்பாவில் கொழுந்து தீர்ந்துவிட்டது, புதிதாகப் பறித்து வருகிறேன் என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் போனாள். பின்கதவின் தாழ்ப்பாள் இழுபட்டது. வெளியே படிகளில் காலடி. ஒரு படி, இன்னொரு படி. பிறகு நின்றது.

எழுந்து போகலாம். திரையை விலக்கினால் கதவு, கதவைத் தாண்டினால் படி. இரு, நானும் வருகிறேன் என்று ஒரு குரல் கொடுத்தால்கூடப் போதும். மூத்தவள் நாற்காலியின் கையைப் பிடித்தாள். வெளியே காலடி மறுபடி எழுந்தது. புல்லா, சரளையா, எந்தப் பக்கம் என்று காது தானாகக் கூர்ந்தது. இன்னும் ஒரு நொடி கேட்டால் தெரிந்துவிடும்.

"கால்வாய்ல இப்ப தண்ணி எப்படி தம்பி?" என்றாள் சத்தமாக.

அவருக்கு அது பிடித்த பேச்சு. நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலே அணையில் ஷட்டர் திறந்துவிட்டார்கள் என்றார், கரையோரத்து வீடுகளெல்லாம் இந்த வாரம் கவனமாக இருக்க வேண்டும் என்றார். போன வாரம் மட்டம் இவ்வளவுதான் என்று மேஜைக்கு மேலே உள்ளங்கையைத் தட்டையாக விரித்துக் காட்டினார். முந்தாநாள் இவ்வளவு. மூத்தவள் கண்ணெடுக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை சிறிது சிறிதாக உயர்ந்துகொண்டிருந்தது.